பெயர் தெரியாத ஊரின் பிள்ளைகள்



ஆனைகட்டியிலிருந்து கோயம்புத்தூருக்கு வரும் பேருந்தில் நீங்கள் பயணம் செய்ததுண்டா? ஒரு பக்கம் தமிழ்நாடு. மறுபக்கம் கேரளத்தின் அட்டப்பாடி. இரண்டு மாநிலங்களின் விளிம்பில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது அந்தச் சிற்றூர். அங்கே புறப்படும் பேருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, மாங்கரையைக் கடந்து, தடாகம் சாலை வழியாகக் காந்திபுரம் வந்து சேருகிறது. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் ஒரு பெட்டியையும் பாயையும் தூக்கிக்கொண்டு முதன்முறையாகக் கல்லூரி விடுதிக்கு வருகிற பிள்ளைக்கு அது மிக நீண்ட பயணம்.

முதல் நாள் வகுப்பில், "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். "ஆனைகட்டி" என்று பிள்ளை சொல்லும். "அங்கே யானையைக் கட்டி வைத்திருப்பார்களா?" என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரிக்கும். கேட்டவனுக்கு அது அப்போதே மறந்துபோகும். கேட்கப்பட்ட பிள்ளைக்கு மறப்பதில்லை. அடுத்த முறை யாராவது கேட்டால், "கோயம்புத்தூர்" என்று சொல்லிவிடும்.

நகரங்களுக்குப் பிழைப்பு தேடி வந்த நம்மில் அநேகர் இப்படி ஊர்ப்பெயரை விழுங்கியவர்கள்தானே? அகளியிலிருந்து வந்தவர், சாத்தான்குளத்திலிருந்து வந்தவர், கம்பத்திலிருந்து வந்தவர் என நாம் பலதரப்பட்டவர்கள். ஆனால் பெரிய பெயர்களுக்கு முன்னால் நம் பெயர் சிறியது என்ற கூச்சம் மட்டும் நம் எல்லாருக்கும் பொதுவானது. நாம் சொல்லிக் கொடுக்காமலேயே நம் பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே இந்த மாதம், தன் பெயரையே மாற்றிக்கொள்ள நினைத்த ஒரு சிறு கல்லூரியையும், அதன் கூடைப்பந்துப் பயிற்சியாளரையும் குறித்து உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நமக்கு அந்நியமான விளையாட்டு அல்ல

கூடைப்பந்து எங்கோ அமெரிக்காவில் ஆடுகிற ஆட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் அதை உருவாக்கினார். அவர் இறையியல் கற்றவர். பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத வாலிபர்களுக்காக, பீச் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் அறைந்து, பந்தை அதற்குள் போடச் சொன்னார். அதனால்தான் அதற்குக் கூடைப்பந்து என்று பெயர். இன்றைக்கும் அந்த வளையம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது.

அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920ஆம் ஆண்டு சென்னையில் உடற்கல்விப் பள்ளியை நிறுவினார். இன்று நந்தனத்தில் இருக்கும் உடற்கல்விக் கல்லூரி அதுவே. இந்தியாவின் பள்ளி மைதானங்களுக்கு நவீன விளையாட்டுகளைக் கொண்டுபோன ஆசிரியர்கள் பலர் அங்கே பயின்றவர்கள். கோயம்புத்தூரில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள்.

அந்த ஆட்டத்தில் உயரம் ஒரு பெரும் பலம். வளையம் பத்தடியில் இருக்கும்போது ஏழடி மனிதனுக்கு யார் ஈடு கொடுக்க முடியும்? இந்தக் கேள்விதான் 1982ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு இரண்டு நாட்களுக்கு முன்பு எழுந்தது.

ஹொனலூலுவில் ஓர் இரவு

பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் உள்ளன. அங்கே ஹொனலூலு நகரில் ஷாமினாட் என்றொரு கத்தோலிக்கக் கல்லூரி. 1955இல் தொடங்கப்பட்டது. அந்நாளில் அங்கே படித்த மாணவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. அதன் கூடைப்பந்து அணிக்குச் சொந்தமாக ஓர் ஆடுகளம் கிடையாது. பக்கத்துப் பள்ளியின் களத்தைப் பகிர்ந்துகொண்டது. பயிற்சியாளர் மெர்வ் லோப்ஸ் முழுநேரப் பயிற்சியாளர் அல்லர். பகலில் ஒரு பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசகராக வேலை பார்ப்பார். வேலை முடிந்தபின் தம்முடைய அணிக்குப் பயிற்சி கொடுக்க வருவார்.

எதிரணியோ வர்ஜீனியா பல்கலைக்கழகம். அமெரிக்கக் கல்லூரி அணிகளின் தரவரிசையில் முதலிடம். அந்தப் பருவத்தில் ஆடிய எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. சில நாட்களுக்கு முன்புதான், நாடே எதிர்பார்த்துக் காத்திருந்த ஓர் ஆட்டத்தில் ஜார்ஜ்டவுன் அணியை 68–63 என்று வென்றிருந்தது. அதன் நடுநாயகம் ரால்ஃப் சாம்ப்சன். பெயரிலேயே நம் சிம்சோனின் சாயல்! உயரம் ஏழடி நான்கு அங்குலம். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்ற விருதைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பெற்றவர்.

ஜப்பானில் ஆடிவிட்டு ஊர் திரும்பும் வழியில் வர்ஜீனியா அணி ஹவாயில் இறங்கியது. கடற்கரையில் இளைப்பாறி, ஒரு சிறு கல்லூரியோடு ஆடிவிட்டு, கிறிஸ்துமசுக்கு வீட்டுக்குப் போகலாம் என்பது ஏற்பாடு. ஷாமினாட் வெல்லும் என்று யார் நினைப்பார்கள்? அந்தப் பருவத்தில் அது ஏற்கெனவே பெயர் தெரியாத இன்னொரு சிறு கல்லூரியிடம் தோற்றிருந்தது. டிசம்பர் 23ஆம் தேதி இரவு அரங்கத்துக்கு வந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர். ஆட்டத்தைத் தொலைக்காட்சி ஒளிபரப்பவில்லை.

இடைவேளையில் இரு அணிகளும் 43–43 என்று சமநிலையில் நின்றன. "சரி, கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார்கள்" என்று எண்ணியிருப்பார்கள். இரண்டாம் பாதியில் வர்ஜீனியா ஏழு புள்ளிகள் முன்னால் போனது. வழக்கமாகச் சிறிய அணி அங்கேதான் உடைந்துபோகும். ஆனால் ஷாமினாட் உடையவில்லை. ஒவ்வொரு புள்ளியாக மீட்டுக்கொண்டு வந்தது. ஆறடியைச் சற்றே கடந்த டிம் டன்ஹம் என்ற இளைஞர், தமக்கு வீசப்பட்ட பந்தை ஆகாயத்திலேயே பிடித்து, சாம்ப்சன் நின்றிருக்கும்போதே வளையத்துக்குள் அறைந்தார். கடைசி நிமிடங்களில் கிடைத்த தனி எறிவுகளை ஷாமினாட் பிள்ளைகள் கை நடுங்காமல் புள்ளிகளாக்கினார்கள். முடிவு: ஷாமினாட் 77, வர்ஜீனியா 72.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. செய்தி நிறுவனங்களில் இருந்தவர்கள் நம்ப மறுத்தார்கள். எண்களை மாற்றிச் சொல்லிவிட்டார்களோ என்று திரும்பத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்கள். விடிந்தபோது, கல்லூரிக் கூடைப்பந்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய அதிர்ச்சித் தோல்வி என்று அதை எழுதினார்கள். தாவீது–கோலியாத் ஒப்புமை எல்லாருடைய வாயிலும் வந்தது.

கவணைக் கற்ற இடம்

பிரியமானவர்களே, தாவீதின் வெற்றியைப் பேசும்போது நாம் அவசரமாகக் கடந்துபோகிற ஓர் இடம் உண்டு. சவுலின் கவசத்தை அவனுக்கு உடுத்துவித்தார்கள். அவன் அதை அணிந்து நடந்து பார்த்தான். தனக்குப் பழக்கமில்லை என்று கழற்றி வைத்துவிட்டான். தன் கைக்குப் பழகிய கவணை எடுத்தான். அந்தக் கவணை அவன் போர்க்களத்தில் கற்கவில்லை. ஒருவரும் பார்க்காத மேய்ச்சல் நிலத்தில், ஆடுகளுக்கு நடுவே கற்றிருந்தான்.

ஹொனலூலுவில் நடந்ததும் இதுதான். ஷாமினாட் அணியின் நடு ஆட்டக்காரர் டோனி ராண்டால்ஃப், சாம்ப்சனைவிட முக்கால் அடி குள்ளமானவர். ஆனால் அவர் வர்ஜீனியா மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பள்ளி நாட்களில் அதே சாம்ப்சனுக்கு எதிராக ஆடியவர். அரங்கம் முழுவதும் சாம்ப்சனை ஓர் அதிசயமாகப் பார்த்தபோது, ராண்டால்ஃப் மட்டும் பக்கத்து ஊர்ப் பையனாகப் பார்த்தார்.

அவர் சாம்ப்சனோடு வளையத்தின் அடியில் மல்லுக்கட்டவில்லை. மல்லுக்கட்டியிருந்தால் தோற்றிருப்பார். வளையத்திலிருந்து விலகி நின்று, தூரத்திலிருந்து எறிந்தார். எறிந்தது விழுந்தது. மறுபடி எறிந்தார், அதுவும் விழுந்தது. வேறு வழியின்றிச் சாம்ப்சன் அவரைத் தடுக்க வெளியே வந்தார். அந்த ஏழடி மதில் வெளியே வந்ததும் உள்ளே இடம் கிடைத்தது. குள்ளமான பிள்ளைகள் அதன் வழியே ஓடிப் புகுந்தார்கள். ராண்டால்ஃப் அன்று எடுத்த புள்ளிகள் 19. சாம்ப்சன் 12.

சாம்ப்சன் பயணத்தில் நோயுற்றிருந்தார் என்பதும், வர்ஜீனியா அணி களைத்திருந்தது என்பதும் உண்மை. அதை மறைத்தால் நாம் உண்மையைச் சொன்னவர்கள் ஆகமாட்டோம். ஆனால் பெரியவன் களைத்திருக்கும் நாள் எல்லாருக்கும் எப்போதாவது வரும். அந்த நாளில் சிறியவன் ஆயத்தமாய் இருக்கிறானா என்பதுதான் கேள்வி. அந்த வெற்றி வெறும் தற்செயல் என்று சொன்னவர்களுக்குப் பதில் அடுத்த ஆண்டே கிடைத்தது. 1983இலும் மறுபடி 1984இலும், நாட்டின் பெரிய அணிகளில் ஒன்றான லூயிவில்லை லோப்சின் பிள்ளைகள் வென்றார்கள்.

அந்த இரவைக் குறித்து லோப்சிடம் பின்னாட்களில் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அரங்கத்தில் அவர் காட்டிய வித்தையை அறிவதே அவர்கள் நோக்கம். ஆனால் அந்த மனிதருடைய வேலையை எண்ணிப் பாருங்கள். பகல் முழுவதும் ஒரு பள்ளியில் அமர்ந்து, தங்களால் முடியாது என்று வருகிற பிள்ளைகளின் பேச்சைக் கேட்பது. அதே காதுகளோடும் அதே பொறுமையோடும்தான் மாலையில் அவர் ஆடுகளத்துக்கு வந்திருப்பார்.

மாறாமல் நின்ற பெயர்

இப்போது நான் முதலில் சொன்ன பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ஷாமினாட் என்பது அக்கல்லூரியை நடத்தும் துறவற சபையை நிறுவிய பிரெஞ்சுக் குருவின் பெயர். அமெரிக்கர்களுக்கே அதைச் சரியாக உச்சரிக்கத் தெரியாது. ஆகவே கல்லூரியின் பெயரை 'ஹொனலூலு பல்கலைக்கழகம்' என்று மாற்றிவிடலாமா என்ற யோசனை அந்நாட்களில் இருந்தது. பெரிய நகரத்தின் பெயரைச் சூடிக்கொண்டால் நாலுபேருக்குத் தெரியுமே!

நம் பிள்ளை ஆனைகட்டியை விட்டுக் கோயம்புத்தூர் என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அந்த வெற்றிக்குப் பின் அந்த யோசனை கைவிடப்பட்டது. ஒரே இரவில் நாடெங்கும் அந்தப் பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதோடு நிற்கவில்லை. தோற்றுப்போன வர்ஜீனியாவின் பயிற்சியாளர் டெர்ரி ஹாலண்ட், இப்படி ஒரு போட்டித் தொடரை நீங்களே நடத்தலாமே என்று ஷாமினாட்டுக்கு யோசனை சொன்னார். 1984இல் மாவி தீவில் அத்தொடர் தொடங்கியது. அமெரிக்காவின் பெரிய கல்லூரி அணிகள் எல்லாம் அந்தச் சிறு கல்லூரியின் அழைப்பை ஏற்று அங்கே வந்து ஆடின. தன்னைத் தோற்கடித்தவனுக்கு நல்ல ஆலோசனை சொல்லிப் போன அந்த மனிதரின் பெருந்தன்மையையும் நாம் மறவாதிருப்போமாக.

நம் தேசத்துப் பிள்ளைகள்

இது அமெரிக்கர்களுக்கு மட்டும் நேரிட்டதல்ல. 2014ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் தேதி, சீனாவின் வூஹான் நகரில் ஆசியக் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. யாவ் மிங் பிறந்த நாடு சீனா. ஆசியச் சாம்பியன் பட்டத்தைத் திரும்பத் திரும்ப வென்ற நாடு. அவர்களுடைய மண்ணில், அவர்களுடைய ஜனங்களின் முன்னிலையில், இந்திய ஆடவர் அணி 65–58 என்று அவர்களை வென்றது. அதற்குமுன் இந்தியா சீனாவை வென்றதே இல்லை. பயிற்சியாளர் ஸ்காட் ஃபிளெமிங், அமெரிக்காவில் ஒரு சிறிய கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பயிற்சி கொடுத்தவர்.

சீனா அன்று தன் முழுப் பலத்தோடு வரவில்லை. ஆனாலும் முன்பெல்லாம் சீனாவின் பெயரைக் கேட்டதுமே பாதி தோற்றுவிட்ட நம் பிள்ளைகள், அன்று பெயரோடு ஆடாமல் எதிரே நின்ற ஐந்து பேரோடு ஆடினார்கள். கிரிக்கெட்டில் இப்படி ஒரு வெற்றி கிடைத்திருந்தால் தெருவெல்லாம் வெடி வெடித்திருக்கும். அந்த இரவு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நூற்று முப்பத்தைந்து தோல்விகள்

இதுவரை வாசித்து, "ஆம், சிறியவன் பெரியவனை வெல்லுவான்" என்று மகிழ்ந்திருப்பீர்கள். ஆனால் இங்கே நிறுத்தினால் நான் உங்களுக்குப் பாதிக் கதையைத்தான் சொன்னவனாவேன். பிரசங்க பீடத்திலும் நாம் அநேகமுறை பாதிக் கதையோடு இறங்கிவிடுகிறோம்.

அமெரிக்கக் கல்லூரி அணிகளின் தேசியப் போட்டியில், ஒவ்வொரு பிரிவிலும் அணிகளை ஒன்றிலிருந்து பதினாறு வரை வரிசைப்படுத்துவார்கள். முதல் சுற்றில் முதலாம் அணி பதினாறாம் அணியோடு மோதும். 1985இல் இந்த முறை தொடங்கியது. அதன்பின் ஆடவர் போட்டியில் பதினாறாம் அணிகள் தொடர்ந்து எத்தனை ஆட்டங்களில் தோற்றன தெரியுமா? 135. அத்தனை அணிகளிலும் உழைத்த பிள்ளைகள் இருந்தார்கள். ஜெபித்த தாய்மார் இருந்தார்கள். தாவீதின் கதையைச் சொல்லி அனுப்பிய பயிற்சியாளர்களும் இருந்திருப்பார்கள். ஆனாலும் தோற்றார்கள்.

136ஆவது ஆட்டம் 2018ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி ஷார்லட் நகரில் நடந்தது. சிறிய அணி, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகம்; அது சதுரங்கத்துக்குப் பேர்போன கல்லூரி. அதே ஆண்டு ஜனவரியில் அந்த அணி ஓர் ஆட்டத்தில் 83–39 என்று நாற்பத்து நான்கு புள்ளிகளில் தோற்றிருந்தது. எதிரே நின்ற முதலாம் அணி எது? அதே வர்ஜீனியா! முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் அதே பெரிய பெயர்.

இடைவேளையில் 21–21. இரண்டாம் பாதியில் மட்டும் அந்தச் சிறிய அணி 53 புள்ளிகளைக் குவித்தது. முடிவு 74–54. வெறும் வெற்றியா அது? இருபது புள்ளி வித்தியாசத்தில் வெற்றி!

அந்தச் சிறிய அணியின் பயிற்சியாளர் ரயன் ஓடம். அவருடைய தகப்பனார் டேவ் ஓடம் 1980களில் வர்ஜீனியா அணியின் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். வர்ஜீனியாவின் ஆட்டங்களில் பந்து எடுத்துக் கொடுக்கிற சிறுவனாக ரயன் வளர்ந்தார். எந்தப் பெயரைக் கண்டு மற்றவர்கள் அஞ்சினார்களோ, அந்தப் பெயர் அவருக்கு வீட்டுப் பெயர். ராண்டால்ஃப் சாம்ப்சனை அறிந்திருந்தது போலவே, இவரும் எதிராளியைக் கிட்டத்தில் இருந்து அறிந்திருந்தார். தூரத்தில் இருந்து பார்க்கும்வரைதான் பெயர் பயமுறுத்தும் போலும்.

இரண்டு நாட்கள் கழித்து, அடுத்த சுற்றில் கான்சாஸ் ஸ்டேட் அணியிடம் 43–50 என்று தோற்று அவர்கள் ஊர் திரும்பினார்கள். வெற்றி ஒரு நாள்தான் இருந்தது. மறுநாள் அவர்களும் மற்ற எல்லாரையும் போல உடைகளைத் துவைத்து, புத்தகத்தைத் திறக்க வேண்டியிருந்தது.

தோற்றவர்களின் அடுத்த நாள்

தோற்ற வர்ஜீனியாவைக் குறித்தும் கேளுங்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

இதுவரை ஒருவரும் தோற்காத வகையில் தோற்ற முதல் அணி என்ற அவப்பெயர் அவர்கள்மேல் விழுந்தது. அதுவரை அந்தப் பருவத்தில் இரண்டே ஆட்டங்களில் தோற்ற அணி. ஒரே இரவில் நாடெங்கும் நகைப்புக்குரியதாயிற்று. அதன் பயிற்சியாளர் டோனி பென்னட், தம்முடைய விசுவாசத்தை வெளிப்படையாகப் பேசுகிறவர். அவர் நடுவர்களைக் குறை சொல்லவில்லை. காயத்தால் ஆட முடியாமற்போன தம் முக்கிய ஆட்டக்காரரைச் சாக்காகக் காட்டவும் இல்லை. செய்தியாளர்கள் முன் அமர்ந்து, எதிரணி தங்களைவிட நன்றாக ஆடியது என்று ஒத்துக்கொண்டார். தோல்வியை மறந்துவிடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லாமல், அதைச் சுமந்துகொண்டே நடக்கக் கற்றுக்கொடுத்தார். கைல் கை என்ற இளைஞர், தோற்ற இரவில் தாம் குனிந்து நிற்கும் படத்தையே தம் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு, 2019இல், முதல் சுற்றில் மறுபடியும் ஒரு பதினாறாம் அணி அவர்களுக்கு எதிரே நின்றது. முதல் பாதியில் வர்ஜீனியா பதினான்கு புள்ளிகள் பின்தங்கியது. அந்தப் பிள்ளைகளின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆனால் மீண்டு வந்து 71–56 என்று வென்றார்கள். அரையிறுதியில் ஆட்டம் முடிய ஒரு விநாடிக்கும் குறைவாக இருந்தபோது, ஒரு புள்ளியில் வெல்வதற்கு மூன்று தனி எறிவுகள் கிடைத்தன. எறிய வந்தவர் அதே கைல் கை. மூன்றையும் போட்டார். ஏப்ரல் 8ஆம் தேதி இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் டெக்சஸ் டெக் அணியை 85–77 என்று வென்று, வர்ஜீனியா தன் வரலாற்றில் முதல்முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனது.

இன்னும் ஒன்று. 2024இல் பென்னட் ஓய்வு பெற்றார். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் வர்ஜீனியா தன் புதிய பயிற்சியாளரை அறிவித்தது. யார் அவர்? ரயன் ஓடம்! தங்களை வெட்கத்துக்குள்ளாக்கியவரையே அழைத்து, எங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடும் என்றார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அன்பான தகப்பன்மார்களே, தாய்மார்களே! நகரத்தில் நம் பிள்ளைகள் நாள்தோறும் ஏழடி மனிதர்களுக்கு எதிரே நிற்கிறார்கள். சரளமான ஆங்கிலம் ஒரு ஏழடி மனிதன். பணக்கார வீட்டுப் பிள்ளையின் தோரணை இன்னொருவன். நேர்முகத் தேர்வில் மேசைக்கு அப்பால் இருந்து, "எந்த ஊர்?" என்று கேட்கிறவரும் அப்படித்தான்.

அந்தப் பிள்ளையிடம், "நீ கட்டாயம் ஜெயிப்பாய்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 135 ஆட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் கொடுத்த வாக்கு பொய்த்துப் போகும்போது, பிள்ளை ஆட்டத்தில் மட்டுமல்ல, நம்மீது வைத்த நம்பிக்கையிலும் தோற்றுப்போகிறது. சில வேளைகளில் தேவன்மீது வைத்த நம்பிக்கையிலும் கூட. அதற்குப் பதிலாக, ஒருவரும் பார்க்காத நேரத்தில் தன் கவணைப் பழகும்படி சொல்லுங்கள். அவன் வகுப்பிலே சிரிக்கப்பட்டு வரும் நாளில், மதிப்பெண் குறைந்து வரும் நாளில், அணியில் இடம் கிடைக்காமல் வரும் நாளில், கதவைத் திறந்து, "வா, சாப்பிடு" என்று சொல்லுங்கள். அறிவுரையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

ஆனைகட்டியிலிருந்து வந்திருக்கும் தம்பி, தங்கையே! உன் ஊரின் பெயரை விழுங்காதே. அந்த மலைப்பாதையில் இருட்டும் முன்னே வீடு சேர, யானைத்தடம் பார்த்து நடந்தாயே, அந்தக் கவனம் உன் வகுப்பில் எத்தனை பேருக்கு உண்டு? ஒரே தெருவில் தமிழும் மலையாளமும் இருளர் மொழியும் கேட்டு வளர்ந்த காது எத்தனை பேருக்கு உண்டு? அவையெல்லாம் நீ மேய்ச்சல் நிலத்தில் பழகிய கவண்.

ஒரு நாள் நீ ஜெயித்தால், டெர்ரி ஹாலண்டைப் போலப் பெருந்தன்மையோடு தோற்றுப் போனவர்களை நினைத்துக்கொள். தோற்றால், அதைச் சுமந்துகொண்டு மறுநாள் பயிற்சிக்குப் போ. ஒரு நாளின் வெற்றியும் உன் பெயர் ஆகாது. ஒரு நாளின் தோல்வியும் உன் பெயர் ஆகாது. உன் பெயர் உன்னைப் பெற்றவர்கள் வைத்தது. உன் ஊர் ஆனைகட்டி.

அடுத்த முறை யாராவது, "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், வெட்கப்படாமல் வழி சொல். காந்திபுரத்தில் பேருந்து ஏறி, தடாகம் சாலையில் போய், மாங்கரை தாண்டி, மலை ஏறினால் வரும் என்று சொல்.